அப்பத்தில் வந்த முடி

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கவில்லை. உங்கள் நலத்துக்கு ஒரு குறைவும் இருக்காது, நலம் கெட்டுக் கிடப்பது என் அண்ணன். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்கள், கை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சர் நேற்று எனக்குப் போன் செய்தார். கோள் மூட்டுகிற பெண் இல்லை அவர். ஞாயிறு மதியம் பாஸ்டர் திருவிருந்துப் பெட்டியோடு உங்கள் வாசலுக்கு வந்தாராம். அண்ணன்தான் சொல்லி அனுப்பினாராம். நீங்கள் கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, "மொதல்ல எங்கிட்ட மன்னிப்பு கேளுங்க, அப்புறம் உள்ள வரலாம்" என்றீர்களாம். அந்த மனிதர் வெயிலில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். உள்ளே அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். பொத்தான் போட்டுவிட்டது டீச்சரின் கணவர். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றியது யார் என்று டீச்சர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோபம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் இல்லை அண்ணி, அருவருப்பு. என் வேலை உங்களுக்குத் தெரியும். ஊரார் வாயின் அச்சை வாங்கிப் பல் செட் செய்கிற லேபில் இருக்கிறேன். உடைந்த செட்டுகளைக் கழுவாமலேயே அனுப்பிவிடுவார்கள், உறையைப் பிரித்தால் போன வாரத்துச் சோறு பல்லிடுக்கில் பச்சையாக இருக்கும். அதைச் சுரண்டிக் கழுவிவிட்டு அதே மேஜைக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவள் நான். நேற்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தொண்டையில் கட்டி வந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட ஆள். அவர் கேட்டது ஒரு துணுக்கு அப்பம், ஒரு மிடறு திராட்சரசம். அதைத் தடுக்கும் அளவுக்கு அந்தப் பாஸ்டர் உங்களுக்கு என்ன செய்துவிட்டார்? உங்கள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் அண்ணனும் அவர் சித்தப்படி இருக்கிறார். உன் கடிதத்தில் ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை. நீ ஆலயத்துக்குப் போவதே வருஷத்துக்கு ஒரு தடவை என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீயே நியாயம் தீர்.

திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து சபையின் திருவிருந்துக்கு அப்பம் சுட்டது நான். மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை உபவாசம் இருந்து, ஜெபம் செய்து, தலையில் துணி கட்டிக்கொண்டு மாவு பிசைவேன். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. எத்தனையோ பாஸ்டர்கள் வந்தார்கள், போனார்கள், இந்த அப்பத்தைக் கையில் எடுத்துக் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. இந்தப் பாஸ்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன ஜூன் மாதம் முதல் ஞாயிறு, சபையார் முன்னால் அப்பத்தைப் பிட்டார். பிட்டதும் ஒரு துண்டு ஒரு கையிலும் மறு துண்டு மறு கையிலும் நிற்க, நடுவில் ஒரு முடி. நீளமான முடி. அவர் அதை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆராதனையைத் தொடர்ந்தார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசித்தார். அடுத்த மாதத்திலிருந்து அப்பம் கடையில் வாங்கப்படுமாம். வட்ட வட்டமாக, காகிதம் மாதிரி, பாக்கெட்டில் வருமே அது. "இவ்வளவு நாள் இந்த ஊழியத்தைச் செய்த சகோதரிக்கு நன்றி" என்றார். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த நன்றி என் முகத்தில் எச்சில் துப்பினது போல இருந்தது. வீட்டுக்கு வரும் வரை யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அந்த முடி என்னுடையது இல்லை. தட்டைத் துணி போட்டு மூடி ஏந்தி வந்தது பாஸ்டரின் மனைவி. அவளுக்கு இடுப்பு வரை கருங்கூந்தல். என் வயதில் கருமுடி ஏது? இதைச் சபைக் கமிட்டியில் சொன்னேன். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு முதல் நான் அந்த வாசலை மிதிப்பதில்லை. வீட்டிலேயே ஜெபிக்கிறேன், கர்த்தர் கேட்கிறார்.

மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு பீடத்தண்டை வரக்கூடாது என்பது வேதத்தின் கட்டளை. முதலில் ஒப்புரவாகு, பிறகு காணிக்கை. ஒரு பாஸ்டருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. என்னோடு ஒப்புரவாகாத கையால் என் புருஷனுக்கு அவர் எப்படித் திருவிருந்து கொடுப்பார்? எனக்குப் பெருமை இல்லை சின்னவளே. பெருமை இருந்தால் இத்தனை வருஷம் மாவு பிசைந்திருப்பேனா?

உன் அண்ணனுக்குக் கஞ்சியை வடிகட்டிக் கொடுக்கிறேன். இரவில் இருமல். நீ கவலைப்படாதே, அக்கறை உள்ளவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம்.

உன் அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். போட்டுவிட்டேன், சரியா? உங்கள் கடிதத்தில் முதல் வரி கர்த்தரின் கிருபை, கடைசி வரி ஊசி. நடுவில் இருப்பதெல்லாம் சாட்சி.

முடிக்கு வருகிறேன். டீச்சர் அன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார், அப்புறம் சொன்னார். முடி கருப்புதானாம். ஆனால் அடியில் ஒரு விரற்கடை வெள்ளையாம். முன் வரிசை மொத்தமும் பார்த்ததாம்.

உங்கள் தலைக்குச் சாயப் பாக்கெட் வாங்கி அனுப்புகிறவள் நான் அண்ணி. இந்த ஊர்க் கடையில் கிடைக்கிற அந்த ஒரு வகைதான் உங்களுக்கு அரிப்பு வராமல் ஒத்துக்கொள்கிறது என்று நீங்களே எழுதினீர்கள். மே மாதம் அனுப்ப மறந்துவிட்டேன், அதற்கும் ஒரு வசவு வாங்கினேன். அடியில் வெள்ளையும் நுனியில் கருப்புமாக முடி வைத்திருப்பவர்கள் அந்தச் சபையில் எத்தனை பேர் என்று கமிட்டிக்குத் தெரியாதா? அதனால்தான் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டரும் அதற்காகத்தான் யார் என்ன என்று கிளறாமல் நன்றி சொல்லி முடித்தார். அதை நீங்கள் எச்சில் என்கிறீர்கள்.

சாயம் பூசுவது குற்றமா? இல்லை. அப்பத்தில் முடி விழுவது குற்றமா? எங்கள் லேபில் அச்சு மாவில் தினம் விழுகிறது. "ஐயோ, என்னுதுதான் பாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அன்றைக்குச் சிரித்திருந்தால் சபையே சிரித்திருக்கும், அடுத்த மாதமும் நீங்கள்தான் சுட்டிருப்பீர்கள். அதைச் சொல்ல முடியாமல், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் கூந்தலில் கொண்டுபோய்ப் பழியைச் சொருகினீர்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த மூன்று கால் முயலைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்கிறீர்கள், உள்ளே என் அண்ணன் பட்டினி கிடக்கிறார். நான் கஞ்சியைச் சொல்லவில்லை.

நான் பாஸ்டருக்கும் எழுதினேன். தயவுசெய்து ஒரு மன்னிப்பு கேட்டுவிடுங்கள், உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று. பதில் போட்டிருக்கிறார். அந்த வாரமே வீட்டுக்கு வந்து கேட்டாராம். மறுபடி போனிலும் கேட்டாராம். உங்கள் கடிதத்தில் அது இல்லையே?

அக்கறை உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தூரத்தில் இருப்பது யாரால்? போன தடவை வந்தபோது அண்ணனுக்கு என் கையால் கஞ்சி வைத்தேன். வெளிக்கை பட்டது அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி என் கண் முன்னாலேயே தொட்டியில் ஊற்றிப் பாத்திரத்தைத் தேய்த்தீர்கள். கூடப் பிறந்தவள் கை வெளிக்கை. அண்ணிதான் கூப்பிட வேண்டும், கூப்பிடாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். சொன்ன சொல்லில் நிற்கிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 25

சின்னவளுக்கு,

சாயப் பாக்கெட்டைக் கடிதத்தில் எழுதுகிறாய். தபால்காரன் பிரித்துப் படித்தால் என்ன ஆவது என்று யோசித்தாயா? உனக்கு வாய் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது. இனிமேல் பாக்கெட் அனுப்ப வேண்டாம்.

பாஸ்டர் அந்த வாரம் வந்தது உண்மை. வந்து என்ன சொன்னார் தெரியுமா? "உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். கஷ்டப்பட்டிருந்தா. பட்டதா இல்லையா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. இது ஒரு மன்னிப்பா? சபை முன்னால் அவமானப்படுத்திவிட்டு வீட்டு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்பதா? எந்த இடத்தில் கிழிந்ததோ அந்த இடத்தில்தான் தைக்க வேண்டும். பிரசங்க பீடத்தில் நின்று, என் பேரைச் சொல்லி, நான் தப்பு செய்தேன் என்று சொல்லட்டும். அன்றைக்கே கேட்டைத் திறக்கிறேன். இதை அவரிடமே சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்று போயிருக்கிறார். யோசிக்க என்ன இருக்கிறது?

உன் அண்ணன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசினால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் புருஷன் வந்தால் மட்டும் பேசுகிறார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அதே பழைய கதைகளைச் சொல்லி இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவருக்கு வேறு என்ன கதை இருக்கும். நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நேற்று நெற்றியைத் துடைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அந்தாள உள்ள விடு. பசிக்கிறது எனக்கு, உனக்கு இல்ல."

நான் சொன்னேன், கொஞ்சம் பொறுங்கள், அவர் சரியான முறையில் வரட்டும் என்று. கையை விட்டுவிட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உனக்குக் கையில் கிடைத்தால் இதை வைத்தும் என்னைக் குத்துவாய்.

நீ கஞ்சியைப் பற்றி எழுதியதற்குப் பதில்: அதில் உப்பு அதிகம். அவருக்கு எரியும். அதற்காகத்தான் ஊற்றினேன்.

உன் அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

உப்பு அதிகம் என்றால் உப்பு அதிகம் என்று சொல்லியிருக்கலாம். வெளிக்கை என்று சொன்னது எதற்கு?

பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு லேப் கழிப்பறையில் போய் நின்றேன். எனக்குப் பக்திமான்களைக் கண்டால் குமட்டுவது புதிது இல்லை, ஆனால் இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே. அவருக்குப் போக வேண்டிய அப்பத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை வைத்துப் பேரம் பேசுகிறீர்கள். பிரசங்க பீடம் வேண்டுமாம், பேர் வேண்டுமாம். மாலை மரியாதை வேண்டாமா? இதற்கு ஜெபம் வேறு. நீங்கள் முழங்காலில் நிற்கும்போது மேலே இருக்கிறவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? அவரிடமும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வரச் சொல்வீர்கள் போலிருக்கிறது.

இதற்கு மேல் திட்டினால் என் வாய்தான் நாறும். ஒரு வழி சொல்கிறேன். நான் வந்து கேட்டைத் திறக்கிறேன். அது என் அப்பா கட்டிய வீடுதான். பாஸ்டர் நான் திறந்த கேட்டில் நுழையட்டும், உங்கள் சபதம் உங்களிடமே இருக்கட்டும், உங்கள் மீசையில் மண் ஒட்டாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. போனை எடுத்து "வா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். லீவு சொல்லி வைத்துவிட்டேன். பெட்டியும் எடுத்து வைத்தாகிவிட்டது. கூப்பிட்டால் அடுத்த ரயிலில் ஏறுவேன்.

கூப்பிடாமல் வந்து நின்றால் மறுபடியும் என் கையை வெளிக்கை என்பீர்கள். அதை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது.

சின்னவள்


மார்ச் 10

சின்னவளுக்கு,

கூடப் பிறந்தவனைப் பார்க்க வர உனக்கு அழைப்பிதழ் அச்சடித்து அனுப்ப வேண்டுமா? அவர் இருக்கிற நிலை உனக்குத் தெரியும். வர வேண்டும் என்று இருந்தால் வந்திருப்பாய். ரயில் என்னைக் கேட்டா ஓடுகிறது? என்னைப் பெருமைக்காரி என்கிறாய், நீ எந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாய் என்று பார்த்துக்கொள். நான் கூப்பிட மாட்டேன்.

இன்னொரு செய்தி. போன ஞாயிறு பாஸ்டர் பீடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். டீச்சர் ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள். சந்தோஷத்தில் அவள் அழுதேவிட்டாள். நான் கேட்டைத் திறக்கச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். என்ன வார்த்தை சொன்னார், அப்படியே சொல்லு என்றேன். "இந்தச் சபையில என்னால யாராவது காயப்பட்டிருந்தா, தாழ்மையா மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்றாராம்.

யாராவது. நான் யாராவதா? பேர் எங்கே? அறிவிப்பின்போது சகோதரி என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவருக்கு மன்னிப்பின்போது யாராவது ஆகிவிட்டதா? சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். மதியம் பெட்டியோடு வந்தார். கேட்டுக்கு உள்ளேயே நின்று, அந்த யாராவது வீட்டுக்குப் போய்க் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னைப் பார்த்து ஒரு பாஸ்டர் முகம் சுளிக்கிறார், கர்த்தர் கணக்கு வைத்திருப்பார்.

சரி, அந்த முடி என்னுடையதாகவே இருக்கட்டும். இத்தனை வருஷமாகச் சுட்டவளுக்கு ஒரு முடிக்கு மன்னிப்பு இல்லையா? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. இனி இது முடியைப் பற்றிய விஷயம் இல்லை சின்னவளே. எதைப் பற்றியது என்று உனக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. இறங்கி வரலாம் என்று சில நேரம் தோன்றுகிறது. எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரியாமல் மேலேயே நிற்கிறேன்.

நேற்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. ஸ்பூனால் விட்டால் பாதி வெளியே வருகிறது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு உதட்டை மட்டும் பஞ்சால் நனைக்கச் சொல்லியிருக்கிறாள்.

உன் அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

அண்ணன் போய்விட்டார் என்று டீச்சர்தான் சொன்னார். நீங்கள் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன். இப்போதாவது கூப்பிடுவீர்கள், சாவு வீட்டில் அந்தப் பழைய சண்டையை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ரயில் நேரம் வந்தது. அப்புறம் போய்விட்டது. அடுத்த ரயிலும் இருந்தது. அதுவும் போய்விட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை போன் அடித்தது. லேபிலிருந்து, யாரோ ஒரு கிழவரின் மேல் செட் எங்கே வைத்தாய் என்று கேட்டு.

அடக்கத்துக்கு வராத தங்கை என்று அங்கே பேசியிருப்பார்கள். பேசட்டும். உங்களைத் திட்டத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், பாதி தூரம் வந்ததும் யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. முந்தின கடிதங்களில் உங்களுக்கு எழுதியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பேரை மட்டும் மாற்றினால் போதும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். அவருக்குக் கிடைத்ததா இல்லையா? டீச்சரிடம் கேட்டேன், அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சின்னவள்


ஏப்ரல் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ கேட்டதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் வேறு ஒன்றைச் சொன்னால்தான் அதை எழுதக் கை வரும்.

அடக்கம் முடிந்து, இந்த மாதத்தின் முதல் ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். பின் வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், பாஸ்டரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கூந்தல் என் தோளில் கிடந்தது, அதைப் பார்க்க எனக்குக் கூசியது. திருவிருந்து நேரம் வந்தது. தட்டு என் முன்னால் வந்தபோது நான் தலையை ஆட்டி, "எனக்குத் தகுதி இல்லீங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி. குரல் நடுங்கியது, கண்ணீரும் வந்தது. எல்லாம் உண்மையான கண்ணீர்தான். ஆனால் அந்தக் கண்ணீரோடு ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தேன், யார் யார் கவனிக்கிறார்கள் என்று. எனக்கு முன்னால் இருந்த வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குள் ஒரு திருப்தி.

புரிகிறதா உனக்கு? அழும்போதும் மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன், எதையோ தின்றுவிட்டது போல. ஜெபிக்க முழங்காலில் நின்றால், நான் முழங்காலில் நிற்பதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பக்திமான்களைக் கண்டால் குமட்டும் என்று எழுதினாய். எனக்குக் கண்ணாடியைக் கண்டால். இங்கே வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தேற்றுகிறார்கள். புருஷனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தீர்கள் என்கிறார்கள், உத்தமி என்கிறார்கள். ஏன் கேட்டைத் திறக்கவில்லை என்று ஒருத்தராவது கேட்டுவிட மாட்டார்களா என்று இருக்கிறது. கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான். வா. கூப்பிடுகிறேன். நான் முதலில் கூப்பிட்டேன் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி, இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. வந்து என்னைத் தேற்றாதே, உன் வாய் வந்தபடி திட்டு.

இனி நீ கேட்டது.

அவர் போன அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மூச்சு மாறிவிட்டது. டீச்சரின் புருஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பாஸ்டரை அழைத்து வந்துவிட்டார். நான் தடுக்கவில்லை. பயம். பாஸ்டர் கட்டில் அருகில் முழங்காலிட்டு ஜெபித்தார். ஒரு துணுக்கை ரசத்தில் நனைத்து உன் அண்ணன் நாக்கில் வைத்தார். அவருக்கு விழுங்க முடியவில்லை. வாய் அசைந்தது, தொண்டை அசையவில்லை. அப்பம் கரைந்து ரசத்தோடு கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. பாஸ்டர் இன்னொரு தடவை வைத்தார். அதுவும் வெளியே வந்துவிட்டது. ஒரு வாரம் முன்னால் என்றால் விழுங்கியிருப்பார். பிப்ரவரியில் என்றால் எழுந்து உட்கார்ந்து, மென்று, ஒரு ஜோக்கும் அடித்திருப்பார். கிடைத்ததா இல்லையா என்று கேட்டாயே, உதடு வரைக்கும் கிடைத்தது. பாஸ்டர் போதும் என்கிறார், கர்த்தர் உள்ளத்தைப் பார்க்கிறார் என்கிறார். உன் அண்ணனுடைய உள்ளத்துக்கு அது போதும்.

வழிந்ததைத் துடைத்தது நான். துணியை வைத்து அவர் தாடையைத் துடைத்துக்கொண்டே நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? பாஸ்டருடைய வாயை. இவ்வளவு ஆகிவிட்டதே, இப்போதாவது என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பாரா என்று. அவர் உதடு அசையும்போதெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் ஜெபம்தான் செய்துகொண்டிருந்தார். கடைசியில் ஆமென் என்று சொன்னதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது, சரி இன்றைக்கும் இல்லை என்று. குனிந்து பார்த்தேன். என் கையில் இருந்த முகத்தில் உயிர் இல்லை.

கட்டிலுக்கு மறுபக்கம் டீச்சர் நின்றிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள். "கடைசி வரைக்கும் உங்க முகத்தத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரும்மா. குடுத்து வச்சவங்க நீங்க."

ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

உன் அண்ணி